பச்சைத் தண்ணீர்

பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் சமைப்பவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வுபெறும் வயதை எட்டிய ஓட்டுநரும் அண்ணி என்றார். புதிதாகச் சேர்ந்த பெண் நடத்துநரும் அண்ணி என்றாள். உண்மையில் அவளுக்குக் கொழுந்தன் ஒருவன்தான். காய்கறி இறக்க வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே "அண்ணி, அண்ணி" என்று அவன் சத்தம் போட்டுக்கொண்டு வந்ததில் அந்தப் பெயர் பணிமனை முழுக்க ஒட்டிக்கொண்டது. மேலாளர் மட்டும் கொஞ்ச நாள் "அம்மா" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஊரோடு ஒத்துப்போய்விட்டார்.

கொழுந்தனிடம் ஒரு சின்ன வேன் இருந்தது. காலையில் மொத்தச் சந்தையில் காய் எடுத்து, பணிமனைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு மூன்று ஓட்டல்களுக்கும் இறக்குவான். நல்ல வாயாடி. கத்தரிக்காயில் புழு இருக்கிறது என்று அண்ணி தூக்கிக் காட்டினால், "மருந்து அடிக்காத காய்னு அதுவே நேர்ல வந்து சாட்சி சொல்லுது அண்ணி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்பான். அவள் சிரித்துவிட்டால் அந்தக் கூடை திரும்பிப் போகாது. அது அவனுக்கும் தெரியும்.

புதன்கிழமைகளில் பட்டாணி. உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கெட்டியாக ஒரு பெரிய சட்டி, சோற்றிலும் கொஞ்சம் தூவல். முன்பெல்லாம் அவள் தோலோடுதான் வாங்குவாள். மூட்டைக்குள் கையைவிட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் முதுகைக் கீறிப் பிளந்து, ஒரு மணியை வாயில் போட்டுக்கொள்வாள். இனித்தால் மூட்டை உள்ளே போகும். மாவாக இருந்தால் வண்டியிலேயே திரும்ப ஏறும். பிறகு அதை நீள மேசையில் கொட்டிவைப்பாள். அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பேச்சோடு பேச்சாக உரித்துப்போடுவார்கள். ஸ்பேனர் என்று பேர் வாங்கிய மெக்கானிக் ஒருவன், கையைக் கழுவிக்கொண்டு தவறாமல் வந்து உட்காருவான். அவன் உரித்ததில் ஒரு மணிகூடப் பாத்திரத்தில் விழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஏன் அண்ணி இந்தக் கூத்து?" என்று கொழுந்தன் ஒருநாள் சொன்னான். "மூணு பங்கு வாங்கினா ஒரு பங்குதான் மணி. அதுலயும் பாதி இவனுங்க வயித்துக்குள்ள போயிடுது. நான் வீட்டுலயே உரிச்சுப் பையில போட்டுத் தர்றேன்."

அவன் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் உரித்தார்கள். பைகள் சுத்தமாக, எடை சரியாக வந்தன. அண்ணிக்கு வேலை மிச்சம். ஸ்பேனருக்குத்தான் வருத்தம்.

குளிர்காலம் முடிந்தது. வெயில் ஏறியது. மற்ற கடைகளில் பச்சைப் பட்டாணி மறைந்து பீன்ஸும் அவரையும் வந்தன. கொழுந்தனின் பையில் மட்டும் பட்டாணி அதே பச்சையில் வந்துகொண்டிருந்தது. எங்கேயோ மலைப்பக்கத்திலிருந்து வருகிறது என்றான். அண்ணி மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டு மனிதன் கொண்டுவரும் பொருளை யார் துருவித் துருவிக் கேட்கப் போகிறார்கள்?

அந்தப் புதன்கிழமை அடுப்பு பாதியில் அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மாற்றுச் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் வரத் தாமதம். வழக்கமாக அவள் பட்டாணியை அலசி நேராக வெங்காயமும் தக்காளியும் வதங்கும் சட்டியில் கொட்டிவிடுவாள். மசாலாவின் சிவப்பில் வேறெந்த நிறமும் தெரியாது. அன்று உருளைக்கிழங்கு வெந்த வெந்நீர் ஆறிப் போகிறதே என்று பட்டாணியை அதில் கொட்டி மூடிவைத்தாள். சிலிண்டர் வந்து, மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மூடியைத் திறந்தாள்.

தண்ணீர் பச்சையாக இருந்தது. நல்ல பட்டாணியை வேகவைத்தாலும் தண்ணீர் லேசாக நிறம் மாறத்தான் செய்யும். இது அப்படி இல்லை. கதவுக்கு அடிக்கக் கலக்கிவைத்த பெயிண்ட் மாதிரி இருந்தது. மரக்கரண்டியைவிட்டுக் கிளறினாள், கரண்டி பச்சையாக வந்தது. அதைக் கையால் வழித்துவிட்டு, கை துடைக்கும் வெள்ளைத் துணியில் விரல்களைத் துடைத்தாள்; துணியில் ஐந்து விரலும் பதிந்தன. பட்டாணி மட்டும் வெளுத்து, பழைய பல் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினாள். மாவு.

காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சமைப்பதில் தப்பேதும் இல்லை. அவளே எத்தனையோ முறை சமைத்திருக்கிறாள். ஆனால் இதைப் பச்சைப் பட்டாணி என்று சொல்லியிருந்தான். சொன்ன சொல்லுக்குப் பொருத்தமாக நிறமும் ஏற்றியிருந்தான்.

அவ்வளவையும் குப்பையில் கொட்டினாள். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, பாத்திரத்தை இரண்டு முறை தேய்த்தாள். அன்றைக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான்.

"பட்டாணி எங்க அண்ணி?" என்று ஸ்பேனர் கேட்டான்.

"லீவு போட்டிருக்கு."

"மெடிக்கல் லீவா?"

அவள் அடுத்தவருக்குப் பரிமாறினாள்.

மதிய வேலை முடிந்ததும் பேருந்து ஏறிக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். அவன் வெளியே போயிருந்தான். அவன் மனைவி, அவளுடைய ஓரகத்திதான் கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண், அதிர்ந்து பேசமாட்டாள். அவள் தேநீர் கொண்டுவந்து நீட்டியபோது அண்ணி தம்ளரைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் பச்சை. விரல் மடிப்புகளில் பச்சைக் கோடு. போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் இதையே பார்த்துவிட்டு "என்னடி இது?" என்று கேட்டதும், பழைய திரைச்சீலைக்குச் சாயம் போட்டேன் என்று அவள் சொன்னதும் அண்ணிக்கு ஞாபகம் வந்தது.

"உங்க வீட்டுல எத்தனை திரைச்சீலைம்மா இருக்கு?" என்றாள்.

ஓரகத்தி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தவளாக முன்னால் கொண்டுவந்தாள். பின்கட்டைக் காட்டினாள்.

துணி துவைக்கும் இடத்தில் நீல நிற டிரம் ஒன்று, மேலே நனைந்த சாக்கு. பக்கத்து அலமாரியில் சோப்புத்தூளுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. கொடியில் துணி காயும் படம் போட்ட டப்பா. அண்ணி அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தேவையும் இல்லை. அதே டப்பா அவள் வீட்டில், அவள் கணவனின் தையல் மெஷினுக்கு மேலே இருக்கும் பலகையில் வரிசையாக இருந்தது. உள்துணிக்கும் நாடாவுக்கும் நிறம் ஏற்ற அவன் வாங்கிவைப்பது.

அதற்குள் வேன் சத்தம் கேட்டது. கொழுந்தன் உள்ளே வந்தான். அண்ணியைப் பார்த்தான், திறந்திருந்த பின்கதவைப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான்.

"தண்ணியில போட்டேன்."

"நீங்க ஏன் அண்ணி தண்ணியில போட்டீங்க? எப்பவும் மசாலாவுலதானே போடுவீங்க?"

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"துணிக்குப் போடுற சாயம் தம்பி அது."

"துளிதான் அண்ணி. ஒரு டிரம்முக்கு ஒரு சிட்டிகை. சந்தையில பாதிப் பேர் இதைத்தான் பண்றான். ஊரே திங்குது, யாருக்கு என்ன ஆச்சு? வருஷம் பூரா பச்சைப் பட்டாணி வேணும்னு ஓட்டல்காரன் கேக்கறான். இல்லைன்னா அடுத்தவன்கிட்ட போறேங்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

"இல்லைன்னு சொல்லு."

"சொல்லிட்டா அப்புறம் எல்லாக் காய்க்கும் அவன் அடுத்தவன்கிட்டதான் போவான்."

ஓரகத்தி சுவரோரமாக நின்றாள். யார் பக்கமும் பார்க்கவில்லை.

அண்ணிக்கு அதற்கு மேல் கோபமாகப் பேச வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அவள் கணவனுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு நாளும் இந்தத் தம்பிதான் அண்ணனைத் தோளில் தூக்கி இறக்கினான், திரும்பத் தோளில் ஏற்றினான். மாதக்கணக்கில் செய்தான். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நடுப்படியில் மூச்சு வாங்கும்போதும் "அண்ணே, கல்யாணச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க" என்று சிரிக்கவைத்துக்கொண்டே ஏறினான்.

"எனக்கு இனிமே இது வேண்டாம்," என்றாள். "தோலோட கிடைச்சாக் குடு. கிடைக்கலேன்னா பட்டாணியே வேண்டாம். மத்த காய் எப்பவும்போல அனுப்பு."

"சரி அண்ணி," என்றான். மனம் நொந்ததுபோலத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பிக்குச் சாயப் பொடி குடுத்தீங்களா?"

"கேட்டான். துணிக்குன்னு சொன்னான்."

"எத்தனை டப்பா?"

"எண்ணலை."

"அதை அவன் பட்டாணிக்குப் போட்டிருக்கான்."

அவன் ஊசியை நிறுத்தினான். பிறகு மறுபடி குத்தத் தொடங்கினான். "அவன் ஏதாவது யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான்," என்றான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பணிமனைச் சாப்பாட்டில் புதன்கிழமைக்குப் பட்டாணி போய்க் காராமணி வந்தது. இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். தன் சட்டிக்குள் அந்தச் சாயம் வராமல் பார்த்துக்கொண்டோம், நம் கடமை தீர்ந்தது என்று அண்ணி நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. கொழுந்தன் வழக்கம்போல வந்தான், வழக்கம்போலப் பேசினான். கொஞ்சம் குறைவாகப் பேசினான், அவ்வளவுதான்.

அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தவள் பெண் நடத்துநர். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், பக்கத்தில் இருந்தவரிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து என் பொண்ணை அடிச்சிட்டேன். நாக்கெல்லாம் பச்சை. கண்ட மிட்டாயை வாங்கித் தின்னியான்னு கேட்டா இல்லேங்கறா. பள்ளிக்கூடத்துல போட்ட பட்டாணின்னு சொல்றா. பட்டாணி தின்னா நாக்கு பச்சையாகுமா? பொய் வேற சொல்றியான்னு இன்னொண்ணு வெச்சேன்."

அண்ணி கரண்டியோடு நின்றாள். "உன் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம்?"

அவள் சொன்னாள். கொழுந்தன் காய் இறக்கும் அதே பள்ளிக்கூடம்தான். மேம்பாலத்தின் அந்தப் பக்கம் இருப்பது.

"அவ பொய் சொல்லலை," என்றாள் அண்ணி. "இனிமே பட்டாணியை ஒதுக்கிவெச்சிட்டுச் சாப்பிடச் சொல்லு."

நடத்துநர் காரணம் கேட்டாள். அண்ணி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் சந்தைக்கே போனாள். முட்டைக்கோஸ் மலைக்குப் பக்கத்தில் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் அவளைக் கண்டதும் மூட்டையைக் கீழே வைத்தான்.

"பள்ளிக்கூடத்துக்கும் அதையேதான் போடறியா?"

"அவங்கதான் அண்ணி பெரிய ஆர்டர்."

"சின்னப் பிள்ளைங்க தம்பி."

"அண்ணி, நீங்க வேண்டாம்னீங்க, உங்களுக்கு நிறுத்திட்டேன். இப்ப ஊருக்கெல்லாம் சேர்த்துப் பேச வந்திருக்கீங்க." அவன் குரல் உயரவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். அண்ணனைத் தோள்ல தூக்கினது யாரு?"

"நீதான். அது மறக்கலை. மறந்திருந்தா நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன். மறக்காததாலதான் முதல்ல உன்கிட்ட வந்தேன்."

பின்னாலிருந்து யாரோ வேனை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். அவன் கையை உயர்த்தி இதோ என்று காட்டிவிட்டு, "சரி. நிறுத்திடறேன்," என்றான்.

"எப்போ?"

"கையில இருக்கறது தீரட்டும்."

"அதைக் கொட்டிடு."

"சரி அண்ணி. கொட்டிடறேன். போதுமா?"

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க ஏற்கனவே காரணம் இருந்தும் நம்பினாள். அடுத்த வாரம் நடத்துநர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி. நடத்துநரின் மகள்தான், ஒதுக்கிவைக்கச் சொன்னதை ஒதுக்காமல் தின்றிருந்தாள். நாக்கு வெற்றிலைப் பச்சை.

அண்ணி அன்று மதியம் விடுப்புக் கேட்டாள். அவள் விடுப்புக் கேட்பது அபூர்வம். மேலாளர் உடனே கொடுத்தார். மேம்பாலத்தைக் கடந்து நடந்தே போனாள். பள்ளிக்கூடத்தின் சமையலறை பின்பக்கம் இருந்தது. சமையல் மாஸ்டர் நெட்டையான ஆள். கழுவிய அண்டாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு? என்ன வேணும்?"

"நானும் சமையல்காரிதான். பஸ் டிப்போவுல. உங்க பட்டாணியில ஒரு கைப்பிடி வேணும். ஒரு தம்ளர் வெந்நீரும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு யாராவது சொன்னாங்களா? ஆள் எடுக்கலை. நான் இன்னும் சாகலை."

"உங்க வேலை எனக்கு வேண்டாம். கண்ணாடித் தம்ளர் இருந்தா நல்லது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பையை எடுத்துவந்தார். நாளைக்கு வைத்திருந்தது. கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றி, அவள் ஒரு பிடி பட்டாணியைப் போட்டாள். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர், பார்த்தீர்களா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். பிறகு அடியிலிருந்து புகை மாதிரி பச்சை எழும்பியது. அவள் தம்ளரை லேசாகச் சுழற்றினாள். முழுவதும் பச்சையானது.

மாஸ்டர் தம்ளரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நானும் தினம் இதைத்தான் திங்கறேன்," என்றார். அவர் பேச்சில் பழைய மிடுக்கு இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு ஒரு பதிலை வழியெல்லாம் தயார்செய்துகொண்டு வந்திருந்தாள். எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் கொடுத்தார், கேள்விப்பட்டேன், சந்தையில் பேசிக்கொண்டார்கள் என்று எதையாவது சொல்லலாம் என்று நினைத்திருந்தாள்.

"இதைக் கொண்டாந்து போடறவர் என் வீட்டுக்காரரோட தம்பி," என்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தலைமையாசிரியர் சொல்லி உணவுப் பரிசோதனை அதிகாரிகள் வந்தார்கள். கொழுந்தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து டிரம்மை எடுத்துப்போனார்கள். அபராதம் விழுந்தது, காய் வினியோகிக்கும் உரிமமும் போனது. விஷயம் பணிமனை மேலாளர் காதுக்கு வந்ததும் அவரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். கடைசியில் வேனையும் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

காட்டிக்கொடுத்தது யார் என்று யாரும் மறைக்கவில்லை. பணிமனையில் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். "கொழுந்தன் சாயம் வெளுத்துப்போச்சு" என்று ஸ்பேனர் சொன்னான். சொன்ன வேகத்தில் அண்ணி பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, தட்டோடு எழுந்து போனான். மூத்த ஓட்டுநர் ஒருவர், "என்ன இருந்தாலும் வீட்டு விஷயம், வீட்டுக்குள்ளயே முடிச்சிருக்கலாம்" என்றார்.

"என் பொண்ணு நாக்கு என்ன, அவங்க வீட்டுக்குள்ளயா இருந்துச்சு?" என்று பெண் நடத்துநர் கேட்டாள்.

அதன்பிறகு சில வாரம் அந்த ஓட்டுநர் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.

வீட்டில் கணவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தேவைக்கு மட்டும் பேசினான். அதிலும் பாதியைத் தலையாட்டலில் முடித்தான். ஒரு மாலை, விளக்கு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கத் திணறியவன், அவளிடம் ஊசியை நீட்டாமல் தானே முயன்றுகொண்டு சொன்னான்: "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். நீங்க காஜா எடுத்துட்டு இருந்தீங்க."

அவன் நூல்நுனியை நாக்கில் நனைத்தான். மூன்றாம் முறை கோத்துவிட்டான். "டப்பாவைக் குடுத்தவன் நான்," என்றான். "அவனை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது." அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

கொழுந்தன் ஒரு மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டப் போனான். கட்டில், பீரோ, சோபா என்று மாடி மாடியாக ஏற்றும் வேலை. அண்ணி இருக்கும் நேரத்தில் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவான். யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. சில நாள் மாலையில் வந்து பார்த்தால் கழுவும் தொட்டியில் இரண்டு தம்ளர் இருக்கும். அவள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவைப்பாள்.

மறுபடி குளிர்காலம் வந்தது. ஒரு புதன்கிழமை, பணிமனை வாசலில் வண்டிகள் வெளியேறும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓரகத்தி ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காவலாளி உள்ளே வந்து, அண்ணி, உங்களைத் தேடி ஒரு அம்மா என்றான்.

"வாம்மா," என்றாள் வாசலுக்கு வந்த அண்ணி. "எப்படி இருக்கே?"

"இருக்கேன்க்கா. நான் இப்ப தனியா காய் போடறேன். பெருசா இல்லை, நாலஞ்சு வீடு. இது பட்டாணி. தோலோட."

"அவருக்குத் தெரியுமா, இங்க வந்தது?"

"தெரியாது. தெரிஞ்சாலும் ஒண்ணும் சொல்லமாட்டார். அதிகம் பேசறதில்லை இப்ப." அவள் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். குளிருக்காக இருக்கலாம். "அந்தத் தண்ணியில கை வெச்சா எரியும்க்கா. ஒருநாள் அவர்கிட்ட சொன்னேன். அடுத்த நாள் ரப்பர் கையுறை வாங்கிட்டு வந்தார். அக்கறையாத்தான் வாங்கிட்டு வந்தார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி?" என்றாள் ஓரகத்தி. "நீங்க செஞ்சது சரிதான்க்கா. ஆனா எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சு. அதையும் சொல்லிடறேன்."

அண்ணி தலையை அசைத்தாள். குனிந்து மூட்டையின் வாயைத் தளர்த்தி, அடிவரை கையைவிட்டு ஒரு காயை எடுத்துப் பிளந்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"மேல இருக்கறது நல்லா இருக்கு," என்றாள். "அடியில பாதி முத்தல்."

"முத்தல் இல்லைக்கா. நல்லா விளைஞ்ச காய்."

"விளைஞ்சதுக்கும் முத்தினதுக்கும் வித்தியாசம் தெரியாம நான் எதுக்கு இங்க கரண்டி பிடிக்கறேன்?"

"அப்ப பாதிதான் எடுப்பீங்களா?"

அண்ணி மூட்டையைப் பார்த்தாள். அது பெரிய மூட்டை. இதை இவள் எப்படி இங்கே வரை கொண்டுவந்தாள் என்று யோசித்தாள். பேருந்தில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்துக்கறேன். அடுத்த வாரம் சந்தையில மூட்டையைக் கவுத்துக் காட்டச் சொல்லி வாங்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வெச்சுத்தான் கட்டுவானுங்க."

"சரிக்கா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து மூட்டையை உள்ளே தூக்கிவந்து நீள மேசையில் கொட்டினார்கள். காய்கள் உருண்டு விளிம்புவரை பரவின. காலை வண்டியை முடித்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஓரகத்தி போகலாமா, இருக்கலாமா என்று நின்றுவிட்டு, மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். அவள் கை வேகமாக ஓடியது. மற்றவர்கள் ஒரு காயை முடிப்பதற்குள் அவள் நாலைந்து முடித்திருந்தாள். யார் இவர் என்று ஸ்பேனர் கண்ணால் கேட்டான்.

"என் ஓரகத்தி," என்றாள் அண்ணி.

அவன் தன் முன்னால் உரித்துவைத்திருந்த ஒரு கை மணியைப் பாத்திரத்தில் போட்டான்.

உரித்து முடிந்ததும் அண்ணி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இளசையும் முற்றலையும் பிரிக்க நேரமில்லை. முற்றலுக்கு ஏற்றபடி தீயைக் குறைத்து, கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு வேகவைத்தாள். இளசெல்லாம் கொஞ்சம் குழைந்துதான் போயிற்று. சாப்பிட்டவர்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை.